ஐஆர்சிக்குப் புதுசு: டெபியன் அறைக்குள் எப்படிப் போவது, எப்படித் தங்குவது?

பொருநை_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நெல்லையில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன். லேப்டாப்பில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) இருக்கு. போன மாதம் ஒரு தமிழ் எழுத்துரு பேக்கேஜின் விளக்கத்தில் இருந்த பிழையைத் திருத்தி, பக் ரிப்போர்ட்டோடு பேட்ச் (திருத்தக் கோப்பு) சேர்த்து அனுப்பினேன். பார்த்தவர் நன்றி சொல்லிவிட்டு, பேக்கேஜிங் (மென்பொருளை டெபியனில் நிறுவும் வடிவில் கட்டுவது) கற்றுக்கொள்ள விருப்பம் இருந்தால் ஓஎஃப்டிசி என்ற ஐஆர்சி நெட்வொர்க்கில் #டெபியன்-மென்டர்ஸ் அறைக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தார். படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஐஆர்சி என்பது எழுதிப் பேசும் பழைய அரட்டை முறையாம், ஆனால் அந்தப் பேரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் செட்டில் எல்லாரும் டிஸ்கார்டும் டெலிகிராமும்தான்.

ஹெக்ஸ்சாட் என்ற ஐஆர்சி மென்பொருளை இறக்கி ஹாஸ்டல் வைஃபையில் முயன்றேன். போர்ட் 6667 போட்டால் சுற்றிக்கொண்டே இருந்து "கனெக்‌ஷன் டைம்டு அவுட்" என்கிறது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டதும் இணைந்துவிட்டது. திரை முழுக்க ஏதேதோ எண்களும் வரிகளும் ஓடின. அறைக்குள் போனால் வலது பக்கம் பெரிய பெயர்ப் பட்டியல், ஆனால் ஒரு அசைவும் இல்லை. "ஹலோ, ஒரு சந்தேகம் கேட்கலாமா" என்று போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. வகுப்புக்கு நேரமானதால் மூடிவிட்டேன். மறுநாள் போனால் பழைய பேச்சு எதுவுமே இல்லை, என் ஹலோவைக்கூடக் காணோம்.

இப்போது என் சந்தேகம் இதுதான். ஹாஸ்டலில் இருந்தே இணைய வழி உண்டா? மென்பொருள் இத்தனை இருக்கிறதே, எதை எடுப்பது? நான் இல்லாத நேரத்தில் வரும் பதிலை எப்படிப் பார்ப்பது? அப்புறம் நிக்சர்வ் என்று ஒன்று என்னைப் பதிவு செய்யச் சொல்கிறது. அதில் கடவுச்சொல் கொடுப்பது பாதுகாப்பா? அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்களேன்.


நொய்யல்கரை எழுதியது:

கண்ணு, முதல் பேட்ச் அனுப்பினதுக்கு வாழ்த்து. அந்த அறைக்கு உன்னைக் கூப்பிட்டவர் ஒப்புக்குக் கூப்பிடவில்லை. #டெபியன்-மென்டர்ஸ் என்பது பேக்கேஜிங் புதுசாகக் கற்க வருபவர்களுக்கென்றே வைத்திருக்கிற அறை. அதனால் தயங்காமல் போ.

நான் கோயமுத்தூரில் சிஸ்டம் அட்மினாக இருக்கேன். காலேஜ் நாளில் காந்திபுரத்துப் பிரவுசிங் சென்டரில் எம்ஐஆர்சி என்ற மென்பொருளில் ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. டேட்டாபேஸ் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி #போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அறையில் மற்றவர்கள் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் படித்துக் கற்றதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உனக்கு நடந்ததை முதலில் விளங்கிக்கொள். ஐஆர்சி சர்வருக்கு ஒரே வேலைதான்: வந்த வரியை அந்த நொடியில் அறையில் இருக்கிறவர்களுக்கு அனுப்பிவிடுவது. அதோடு சர்வர் அதை மறந்துவிடும். வாட்ஸ்அப் மாதிரி எடுத்து வைத்திருந்து நீ வந்ததும் தராது. உன் ஹலோ அழிந்து போகவில்லை. அப்போது அறையில் இருந்தவர்களின் திரையில் அது இருந்திருக்கும். நீ கிளம்பிய பிறகு யாராவது "கேளுங்க" என்று சொல்லியிருக்கவும் கூடும், அது உனக்கு வந்து சேர வழியில்லை. ஆகவே எப்படி உள்ளே போவது என்பதைவிட எப்படி உள்ளேயே இருப்பது என்பதுதான் நீ யோசிக்க வேண்டிய கேள்வி. எந்த வழியில் இணைவது என்பதையும் அதை வைத்தே முடிவு பண்ணு.

அதற்கு முன்னால் நெட்வொர்க் சமாசாரம். ஐஆர்சி என்பது ஒரே இடம் கிடையாது. ஓஎஃப்டிசி, லிபெரா சாட், அண்டர்நெட், டால்நெட், இஎஃப்நெட் எல்லாம் தனித்தனி. ஒன்றில் பேசுவது இன்னொன்றில் கேட்காது. காந்தி வீதி எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி #டெபியன் என்ற அறை பல நெட்வொர்க்கில் இருக்கும், ஊர் மாறிப் போய்விட்டால் தேடி வந்த ஆள் அங்கே இருக்க மாட்டார். டெபியன்காரர்கள் 2006-லேயே தங்கள் அதிகாரப்பூர்வ முகவரியை ஃப்ரீநோடு என்ற நெட்வொர்க்கிலிருந்து ஓஎஃப்டிசிக்கு மாற்றிவிட்டார்கள். ஐஆர்சி.டெபியன்.ஆர்க் என்று போட்டாலும் இப்போது ஓஎஃப்டிசிக்குத்தான் போகும். ஃப்ரீநோடில் மீதி இருந்த திட்டங்களில் பெரும்பாலானவை 2021 மே மாதம் கிளம்பின. நிர்வாகக் கட்டுப்பாடு பற்றிய சண்டையில் அங்கே தன்னார்வலர்களாக இருந்தவர்கள் ஒட்டுமொத்தமாக விலகி லிபெரா சாட்டைத் தொடங்கினார்கள். பழைய வழிகாட்டிகளில் ஃப்ரீநோடு என்று இருந்தால் லிபெராவில் தேடிப் பார். #பைத்தான், #போஸ்ட்கிரெஸ்க்யூஎல், #ஈமேக்ஸ் எல்லாம் அங்கேதான்.

இனி ஹாஸ்டல். 6667 என்பது பூட்டு இல்லாத பழைய போர்ட், நீ அடிப்பதெல்லாம் வழியில் இருக்கிற யாரும் படிக்கிற மாதிரி போகும். அது திறந்திருந்தாலும் நீ தொடாதே. 6697 போட்டு, பக்கத்தில் இருக்கிற டிஎல்எஸ் (பூட்டிய இணைப்பு) கட்டத்தில் டிக் போடு. ஹெக்ஸ்சாட்டில் நெட்வொர்க் பட்டியலில் ஓஎஃப்டிசியைத் தேர்ந்து எடிட் போனால் அந்தக் கட்டம் தெரியும். அதுவும் அடைபட்டிருந்தால் பிரவுசர் வழி: ஓஎஃப்டிசிக்கு வெப்சாட்.ஓஎஃப்டிசி.நெட், லிபெராவுக்கு வெப்.லிபெரா.சாட். சாதாரண வெப்சைட் போகிற 443-லேயே போவதால் பெரும்பாலும் தடை வராது. பெயர் கொடு, அறையின் பெயர் கொடு, அவ்வளவுதான். இன்றைக்கே பேச வேண்டுமானால் இதுதான் குறுக்கு வழி. டேப்பை மூடினால் நீ அறையை விட்டுப் போய்விடுவாய், அதை மட்டும் நினைவில் வை.

மென்பொருள் எது என்று கேட்டிருக்கிறாய். ஹெக்ஸ்சாட் நல்லதுதான், ஆனால் 2024 பிப்ரவரியில் கடைசிப் பதிப்பு வெளியிட்டு வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள். கேடிஇ டெஸ்க்டாப் வைத்திருந்தால் கான்வர்சேஷன் எடு. டெர்மினல் பிடிக்கும் என்றால் வீசாட். ஐஆர்எஸ்எஸ்ஐயும் நல்ல பழைய ஆள், 1999-லிருந்து இருக்கு. எனக்கு வீசாட்தான். ஒரு மாதம் பழகினால் கை அதைவிட்டு வராது.

முதல்முறை இணையும்போது ஓடுகிற வரிகளைப் பார்த்துப் பயப்படாதே. 001 என்று வருவது வரவேற்பு. 372 எல்லாம் அந்த சர்வரின் அறிவிப்பு, ஒருமுறையாவது படி, விதிகள் அதில்தான் இருக்கும். 376 வந்தால் அறிவிப்பு முடிந்தது, இனி அறைக்குப் போகலாம். 433 வந்தால் நீ கேட்ட பெயரில் வேறு ஆள் இருக்கிறார். உள்ளே போனதும் மேலே ஒரு வரி நிற்கும், அது டாபிக். அறையின் நோக்கம், விதி, நீளமான உரையைப் பேஸ்ட் போட வேண்டிய இணையதளம் எல்லாம் அதில் இருக்கும். பெயருக்கு முன்னால் @ இருந்தால் அவர் அறையை நிர்வகிப்பவர். சில அறைகளில் அவர்கள் அந்தக் குறியைத் தேவைப்படும்போது மட்டும்தான் போட்டுக்கொள்வார்கள்.

நிக்சர்வ் பாதுகாப்பானதுதான், அது நெட்வொர்க்கின் சொந்தச் சேவை. கட்டளையை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீ ஆங்கில எழுத்தில் அடி:

/எம்எஸ்ஜி நிக்சர்வ் ரிஜிஸ்டர் கடவுச்சொல் மின்னஞ்சல்

இதை அறைக்குள் நின்று அடிக்காதே, சர்வர் ஜன்னலுக்குப் போய் அடி. முன்னால் ஒரு இடைவெளி விழுந்தாலோ அந்தச் சாய்கோடு விட்டுப்போனாலோ உன் கடவுச்சொல் அத்தனை பேர் முன்னாலும் போய் விழும். வேறு எங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லாக வை. பதிவு முடிந்ததும் ஓஎஃப்டிசியில் இன்னொன்று செய்:

/எம்எஸ்ஜி நிக்சர்வ் செட் க்ளோக் ஆன்

ஏனென்றால் உன் பெயரில் யார் ஹூஇஸ் (ஒருவரின் விவரம் கேட்கும் கட்டளை) போட்டாலும் நீ எந்த முகவரியிலிருந்து வருகிறாய் என்பது தெரியும். காலேஜ் நெட் என்றால் காலேஜ் பெயரே தெரிய வாய்ப்புண்டு. க்ளோக் அதை மறைக்கும். லிபெராவில் பதிவு செய்தபின் #லிபெரா-க்ளோக் அறைக்குப் போய் அங்கே சொல்கிறபடி கேட்டு வாங்கலாம். மென்பொருளில் ரியல் நேம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் உன் முழுப்பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். தெரியாத ஆட்கள் தனியாக எழுதித் தொல்லை கொடுத்தால் /மோட் உன்பெயர் +ஜி போடு. நீ அக்செப்ட் கொடுத்தவர் மட்டும்தான் அதற்குப் பிறகு உனக்குத் தனியாக எழுத முடியும். பெண்பிள்ளைகள் யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்லித் தருவேன். யாராக இருந்தாலும் அறையில் பேச வேண்டியதை அறையிலேயே பேசச் சொல், சங்கடப்படாதே. தொல்லை தொடர்ந்தால் நெட்வொர்க் ஆட்களிடம் சொல்லலாம், ஓஎஃப்டிசியில் #ஓஎஃப்டிசி அறை அதற்குத்தான்.

கேள்வி கேட்கிற முறை. "கேட்கலாமா" என்று கேட்காதே, கேள்வியையே போடு. அங்கே இருக்கிறவர்கள் வேலைக்கு நடுவில் அப்பப்போ எட்டிப் பார்ப்பவர்கள். ஹலோவைப் பார்த்தால் அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. பேக்கேஜ் பெயர், டெபியன் பதிப்பு, நீ அடித்த கட்டளை, வந்த பிழையின் முதல் வரி, இவை எல்லாம் ஒரே வரியில் இருந்தால் தெரிந்தவர் எட்டிப் பார்த்த நொடியிலேயே பதில் எழுத ஆரம்பித்துவிடுவார். பில்டு லாகை (பேக்கேஜ் கட்டும்போது வரும் பதிவை) அப்படியே அறையில் ஒட்டாதே. மளமளவென்று வரிகள் போனால் சர்வரே "எக்ஸெஸ் ஃப்ளட்" என்று உன்னைத் துண்டித்துவிடும். பேஸ்ட்.டெபியன்.நெட்டில் போட்டு லிங்க் கொடு. #டெபியன் அறைக்குப் போனால் டிபிகேஜி என்ற பெயரில் ஒருவர் மின்னல் வேகத்தில் பதில் சொல்வார், அது பாட், தானாகப் பதில் தரும் நிரல். யாரோ உனக்காக அதைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அது தருகிற லிங்கைப் படி.

நேரம் ரொம்ப முக்கியம். டெபியன்காரர்களில் ஐரோப்பியர் நிறையப் பேர், அதுவும் வேலை முடிந்து வந்து தன்னார்வமாக உட்காருகிறவர்கள். ஜெர்மனியில் கோடையில் மாலை 6 மணி என்றால் நமக்கு இரவு 9.30. குளிர்காலத்தில் 10.30. நீ வகுப்புக்கு முன்னால் காலையில் கேட்டால் அங்கே நடுராத்திரி. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து கேள். கேட்டுவிட்டு அங்கேயே இரு.

அங்கேயே இருக்க என்ன வழி என்றால், எப்போதும் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். என் வீட்டில் ரவுட்டர் பக்கத்தில் ஒரு பழைய ராஸ்பெரி பை இருக்கு, இன்வெர்ட்டர் லைனில். அதில் டிமக்ஸ் (நான் துண்டித்துப் போனாலும் டெர்மினலை ஓட விடும் நிரல்), டிமக்ஸுக்குள் வீசாட். ஆபீஸிலிருந்தோ போனிலிருந்தோ எஸ்எஸ்எச் வழியாக அதற்குள் நுழைந்து "டிமக்ஸ் அட்டாச்" அடித்தால் காலையில் விட்ட இடத்திலேயே திரை நிற்கும். நான் தூங்கும்போது அறையில் நடந்தது முழுக்க மேலே இருக்கும், என் பெயர் சொன்ன இடமெல்லாம் நிறம் மாறி நிற்கும். நம் ஊர் பிராட்பேண்டில் பல இணைப்புகளுக்கு வெளியிலிருந்து நேராக வர முகவரி கிடையாது, அதனால் வயர்கார்டு மாதிரி ஏதாவது ஒரு விபிஎன் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். உன் டிபார்ட்மென்டில் மாணவர்களுக்கு லினக்ஸ் சர்வர் கணக்கு கொடுத்திருந்தால் ஆசிரியரிடம் கேட்டுவிட்டு அதிலேயே வைக்கலாம். வீசாட் அதிக மெமரி கேட்காது.

இன்னொரு வழி பவுன்சர். இசட்என்சி என்று ஒரு நிரல், அது உன் பெயரில் அறையில் உட்கார்ந்திருக்கும். நீ எந்த மென்பொருளில் வந்தாலும் விட்டுப்போன வரிகளைக் கொடுக்கும். இதெல்லாம் வேண்டாம், கணக்கு திறந்தால் போதும் என்றால் ஐஆர்சிகிளவுட் இருக்கு. ஆனால் இலவசக் கணக்கில் நீ 2 மணி நேரம் சும்மா இருந்தால் துண்டித்துவிடும்.

கடைசியாக ஒன்று. திடீரென்று ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வெளியேறுவதாக வரிகள் வரும், ஒவ்வொன்றிலும் இரண்டு சர்வர் பெயர் இருக்கும். அது நெட்ஸ்பிளிட். சர்வர்கள் மரக்கிளை மாதிரி ஒன்றோடொன்று கோத்திருப்பதால் நடுவில் ஒரு இணைப்பு அறுந்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் உன் பார்வையிலிருந்து போய்விடுவார்கள். சற்று நேரத்தில் திரும்பி வருவார்கள். நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.


சாரல்_அடிக்கும்_ஊர் எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. ஒரு காலேஜில் நெட்வொர்க் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். ஹாஸ்டலில் 6697 திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள டெர்மினலில் ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையை ஐஆர்சி.ஓஎஃப்டிசி.நெட்:6697 என்ற முகவரிக்குப் போடுங்கள். சான்றிதழ் விவரம் மளமளவென்று வந்து விழுந்தால் வழி திறந்திருக்கிறது. ஒன்றும் வராமல் நின்றால் ஃபயர்வாலில் அடைத்திருக்கிறார்கள்.

திறந்திருந்தால் அந்த ஜன்னலை உடனே மூடிவிடாதீர்கள். அதிலேயே நிக் என்று அடித்து ஒரு பெயர், அடுத்த வரியில் யூசர் என்று அடித்து பெயர், 0, *, பிறகு முக்காற்புள்ளியோடு இன்னொரு பெயர். எல்லாம் ஆங்கில எழுத்தில். எந்த ஐஆர்சி மென்பொருளும் இல்லாமலே 001 வரவேற்பு வந்து நிற்கும். பிங் என்று ஒரு சொல்லோடு சர்வர் கேட்கும். பாங் என்று அதே சொல்லைத் திருப்பிக் கொடுத்தால் இணைப்பு நிற்கும், கொடுக்காவிட்டால் பிங் டைம்அவுட் என்று துண்டிக்கும். அந்தப் பெரிய மென்பொருள்கள் எல்லாம் பின்னால் செய்வது இதைத்தான். ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் 1988 ஆகஸ்டில் இதை எழுதினார், 1993-ல் அதன் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1459 வந்தது. அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் சொந்தமாக ஒரு குட்டி கிளையன்ட் எழுதிவிடலாம், மாணவர்களுக்கு சாக்கெட் புரோகிராமிங் சொல்லித்தர இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அடைபட்டிருந்தால் வெப்சாட்டோடு நிற்காமல் உங்கள் லேப் பொறுப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். எதற்கு, எந்த முகவரி, எந்த போர்ட் என்று மூன்று வரி போதும். டெபியனுக்குப் பங்களிக்க என்று ஒரு மாணவி எழுதிக் கேட்டால் நான் அன்றைக்கே திறந்துவிடுவேன். விபிஎன் வைத்துச் சுற்றிப் போகாதீர்கள், காலேஜ் விதி ஒரு பக்கம், சில விபிஎன் முகவரிகளிலிருந்து வருகிறவர்களை லிபெரா பதிவு செய்த கணக்கோடு எஸ்ஏஎஸ்எல் (இணையும்போதே கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை) வழியாக வந்தால்தான் உள்ளே விடும்.


மெரினா_மாலை எழுதியது:

போன் மட்டும் வைத்து ஓட்டுகிறவர்களுக்காக. என்னிடம் ஒரு சின்ன வாடகை சர்வர் இருக்கு, அதில் சோஜு என்ற பவுன்சர். போனில் கொகுமா என்ற ஆப், எஃப்-ட்ராய்டு ஆப் கடையில் கிடைக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக எழுதப்பட்டவை. பழைய வரிகளை மேலே தள்ளிப் பார்க்கலாம், பெயர் சொன்னால் நோட்டிஃபிகேஷன் வரும். பஸ்ஸில் போகும்போது சிக்னல் போய்ப் போய் வந்தாலும் அறையில் இருப்பவர்களுக்கு நான் வெளியேறி உள்ளே வருவது தெரியாது, ஏனென்றால் அறையில் இருப்பது சோஜு.

பவுன்சர் இல்லாமல் போனில் நேராக இணையவே கூடாது என்பதில்லை. ஆனால் ஆண்ட்ராய்டு கொஞ்ச நேரத்தில் பின்னணியில் ஓடுகிற ஆப்பைத் தூங்க வைத்துவிடும். பேட்டரி ஆப்டிமைசேஷனை அந்த ஆப்புக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள்.

மேட்ரிக்ஸ் என்ற வேறொரு அரட்டை முறை வழியாக வரலாம் என்று சில பழைய குறிப்புகளில் இருக்கும். லிபெராவுக்கான அந்தப் பெரிய பாலம் 2023-ல் நின்றுவிட்டது. நேராகவே வாருங்கள்.

பொருநை, இன்னொரு இடமும் சொல்கிறேன். டிஜிபிளக் என்று துர்காப்பூர் லினக்ஸ் குழு 2008-லிருந்து கோடைப் பயிற்சியை ஐஆர்சியிலேயே நடத்தியிருக்கிறது. வகுப்பு நடக்கும்போது கேள்வி இருந்தால் ஒரு ஆச்சரியக்குறி மட்டும் போட வேண்டும், முறை வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நூறு பேர் இருந்தாலும் குழப்பம் வராது. பழைய வகுப்புகளின் லாக் திறந்தே இருக்கிறது. அறையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்க அதைப் படித்தாலே போதும்.


பொருநை_மாணவி எழுதியது:

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 6697 அடைபட்டுத்தான் இருக்கு, லேப் மேடத்திடம் எழுதிக் கொடுத்திருக்கேன். அதுவரை வெப்சாட். நேற்று ராத்திரி பத்து மணிக்குப் பேக்கேஜ் பெயரோடு, லிண்டியன் (பேக்கேஜில் பிழை காட்டும் கருவி) காட்டிய வரியோடு, டெபியன்/வாட்ச் கோப்பு (புதுப் பதிப்பு வந்ததா என்று பார்க்க உதவுவது) பற்றி ஒரே வரியில் கேட்டுவிட்டு டேப்பைத் திறந்தே வைத்தேன். மெஸ்ஸுக்குப் போய்விட்டு வந்தால் இரண்டு பேர் பதில் சொல்லியிருந்தார்கள்! ஒருவர் என் பேஸ்டைத் திறந்து பார்த்து எந்த வரியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தப்பு என்று சொல்லி, இன்னொரு பேக்கேஜின் வாட்ச் கோப்பைப் பார்க்கச் சொன்னார். சரியாகிவிட்டது. நன்றி சொன்னதும் அடுத்து என்ன செய்யலாம் என்று அவரே சொன்னார்.

நிக்சர்வ், க்ளோக் இரண்டும் முடிந்தது. இன்னொரு சந்தேகம். நானும் என் தோழியும் பழகுவதற்காக யாருமில்லாத ஒரு பெயரில் அறை திறந்து தமிழில் பேசிப் பார்த்தோம். சின்ன வரி நன்றாகப் போகிறது. நீளமாக எழுதினால் பாதியில் வெட்டி, கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி ஒன்று வருகிறது. அதே நீளம் ஆங்கிலத்தில் எழுதினால் முழுசாகப் போகிறது. தமிழை ஐஆர்சி ஏற்காதா? அவள் டெர்மினலில் பார்க்கிறாள், அவளுக்குக் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது.


நொய்யல்கரை எழுதியது:

ரொம்ப சந்தோஷம் கண்ணு. பேஸ்டைத் திறந்து வரி வரியாகப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிற வரை அந்த அறையை விடாதே.

தமிழை ஐஆர்சி நன்றாக ஏற்கும், யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கம் போகிற இடமெல்லாம் தமிழ் போகும். உன் வரி வெட்டுப்படுவதற்குக் காரணம் நீளக் கணக்கு. ஒரு செய்தி 512 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது ஆரம்பத்திலிருந்தே விதி. நீ எழுதுகிறது மட்டுமில்லை, உன் பெயர், முகவரி, அறையின் பெயர், வரி முடிவின் 2 பைட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எல்லாம் போக நானூறு சொச்சம் பைட் உனக்கு மிஞ்சும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "வணக்கம்" எடுத்துக்கொள்: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று 7 குறியீடு, 21 பைட். "கொ" பார்வைக்கு ஒரே எழுத்து, உள்ளே க தனி, கொம்பும் காலும் சேர்ந்த குறி தனி, ஆக 6 பைட். இந்தக் கணக்கில் 130, 140 குறியீடு தாண்டினால் வெட்டு விழும். சர்வர் பைட்டைப் பார்த்துத்தான் வெட்டும், எழுத்தைப் பார்த்து இல்லை. 3 பைட்டில் ஒன்றோ இரண்டோ மட்டும் இந்தப் பக்கம் நின்றுவிட்டால் அதை எழுத்தாகக் காட்ட முடியாமல் அந்தக் கறுப்புக் கட்டம் வருகிறது.

வீசாட் இதைத் தானாகவே பிரித்து இரண்டு வரியாக அனுப்பிவிடும், எழுத்து நடுவில் உடையாது. நீ வெப்சாட்டில் இருக்கிற வரை ஒரு வாக்கியம் முடிந்ததும் என்டர் தட்டு. இரண்டு வாக்கியம் ஒரே வரியில் வேண்டாம்.

தோழியின் பிரச்சினை ஐஆர்சியில் இல்லை, டெர்மினலில். டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்கிப் பழகியது, தமிழின் கொம்பும் காலும் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. தமிழ் அறைக்கு மட்டும் கான்வர்சேஷன் அல்லது ஹெக்ஸ்சாட் வைத்துக்கொள்ளச் சொல், அவை எழுத்தைச் சரியாகக் கோத்துக் காட்டும். நானும் அப்படித்தான், ஆங்கில அறைகள் வீசாட்டில், தமிழில் பேசுகிற நண்பர்கள் கான்வர்சேஷனில்.

அந்தப் பழகும் அறையை வைத்திருக்க ஆசை இருந்தால் சான்சர்வில் (அறைகளைப் பதிவு செய்யும் சேவை) பதிவு செய்துவிடு, இல்லாவிட்டால் இரண்டு பேரும் வெளியே போனதும் அறை இல்லாமல் போய்விடும், அடுத்து யார் அந்தப் பெயரில் நுழைந்தாலும் @ அவருக்குத்தான். முதலில் நுழைந்தவள் நீ என்பதால் இப்போது @ உன்னிடம் இருக்கும், பதிவை இன்றைக்கே முடித்துவிடு. லேப் மேடம் 6697 திறந்ததும் சொல், டிபார்ட்மென்ட் சர்வரில் டிமக்ஸும் வீசாட்டும் எப்படி வைப்பது என்று கட்டளை கட்டளையாக எழுதித் தருகிறேன்.